ஒன்றில் முடியும் ஓர் எண்

நேயர்களுக்கு வணக்கம். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட எண்ணை உங்களுக்கு வாசித்துக் காட்ட இயலாது. இந்த ஒலிவாங்கியின் முன் அமர்ந்து, வினாடிக்கு ஓர் இலக்கம் வீதம், உண்ணாமல் உறங்காமல் வாசித்தாலும் 474 நாட்கள் கடந்த பின்னரே அது முடியும். 2024 ஒக்டோபரில் கண்டறியப்பட்ட அந்த எண்ணில் 41,024,320 இலக்கங்கள் உள்ளன. ஆயினும் அதை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்: 136,279,841 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, விடையிலிருந்து ஒன்றைக் கழித்தால் அந்த எண் வரும்.

அது ஒரு முதன்மை எண். தமிழ்நாட்டில் இதனைப் பகா எண் என்பர். நமது பாடநூல்களின் சொல்லை விட அதுவே எனக்குப் பிடித்தம், ஏனெனில் ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெந்த எண்ணாலும் மீதியின்றிப் பகுபடாது என்ற வரைவிலக்கணம் அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இவ்வளவு பெரிய எண்ணின் கடைசி இலக்கத்தை, கொழும்பின் காலி வீதியில் வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டிக்கு பஸ் ஊர்ந்து சேர்வதற்குள், மனத்திலேயே கண்டுபிடிக்கலாம். இரண்டை இரட்டித்துக்கொண்டே போனால் கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்று சுழன்று வரும். 136,279,841 ஐ நான்கால் வகுத்தால் மீதி 1. ஆகவே பெருக்கம் 2 இல் முடியும், ஒன்றைக் கழித்தால் 1. முழுவதும் பார்க்காமலே ஓர் எண்ணைப் பற்றி உறுதியாக ஒன்றை அறிந்துவிட்டோம்.

இவ்வாறு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்துக் கிடைக்கும் முதன்மை எண்களைப் பட்டியலிட்டவர் பிரெஞ்சுத் துறவி மெர்சென். 1644 இல் அவர் வெளியிட்ட பட்டியலில், 67 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்து வரும் 21 இலக்க எண்ணும் முதன்மை எண்ணாக இடம்பெற்றிருந்தது. அது தவறு என்று 1876 இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா நிறுவினார். ஆனால் அதன் காரணி ஒன்றைக்கூட அவர் காட்டவில்லை. பகுபடும் என்று அறிவது வேறு, எவ்வாறு பகுபடும் என்று அறிவது வேறு. இதை மீண்டும் சொல்கிறேன், ஏனெனில் என் மாணவர்கள் பலர் இங்குதான் தடுமாறுவர்: இரண்டும் வேறு வேறு.

1903 இல் அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டமொன்றில் உரையாற்ற எழுந்த கோல் என்பவர், ஒரு வார்த்தையும் பேசாமல், கரும்பலகையின் ஒரு பக்கத்தில் அந்த எண்ணைக் கணித்து எழுதினாராம். மறுபக்கத்தில் 193,707,721 ஐ 761,838,257,287 ஆல் பெருக்கிக் காட்டினாராம். இரு விடைகளும் ஒன்றே. அவர் மௌனமாகவே அமர, சபை எழுந்து கைதட்டியதாகச் சொல்வர். மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகளை அதற்குச் செலவிட்டதாகவும் ஒரு பேச்சு உண்டு. வானொலியில் அவ்வாறு உரையாற்றியிருந்தால் தொழில்நுட்பவியலாளர் பதறிப் போயிருப்பார்!

காரணி காணாமலே சோதிக்க லூக்கா கையாண்ட முறையைப் பின்னர் அமெரிக்கக் கணிதவியலாளர் லேமர் செப்பனிட்டார். 2024 இன் எண் முதன்மை எண்ணே என உறுதிசெய்ததும் அம்முறையே. அது எவ்வாறு இயங்குகிறது என விளக்க எண்ணியிருந்தேன், கடிகாரம் அனுமதிக்கவில்லை. ஒன்றை மட்டும் சொல்லி விடைபெறுகிறேன்: தன்னை விடச் சிறிய காரணிகளின் கூட்டுத்தொகைக்குத் தானே சமமான 6, 28 போன்ற எண்களும் இம்முதன்மை எண்களிலிருந்தே பிறக்கின்றன, அவ்வாறான ஒற்றை எண் ஒன்றேனும் உண்டா என்பது இன்றுவரை விடை காணாத வினா. நன்றி, வணக்கம்.