ஊசியா, குளிசையா?

வணக்கம் நேயர்களே. போன மாதம் நிலாவெளிப் பக்கத்திலிருந்து ஒரு கரைவலைக்காரர் கிளினிக்குக்கு வந்தார். உள்ளங்காலில் ஐந்து ரூபாய்க் குற்றியளவு கறுப்பு, ஓரமெல்லாம் மை ஊறினது போல. "சிப்பி வெட்டின தழும்பாக்கும் எண்டு விட்டிட்டன் டொக்டர், ஒரு வருசமாச்சு" என்றார். மெலனோமா என்ற தோல் புற்றுநோய் அது. நம்மைப் போன்ற கறுத்த தோல்காரருக்கு இது வெயில் படாத உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான் பெரும்பாலும் வரும்.

வெட்டி எடுத்தோம். மற்ற நாள் மகன் வந்து நின்றார். "பரவினால் கீமோ வேண்டாமாம், குளிசை இருக்காமே?"

இருக்கிறது. பரவிய மெலனோமாவுக்கு நெடுங்காலம் கொடுத்துவந்தது டக்கார்பசின் என்ற கீமோ ஊசி. மூன்று வாரத்துக்கு ஒருமுறை நாளத்தில் ஏற்றுவார்கள், பலன் சொற்பம். 2002இல், இந்தப் புற்றுக்கலங்கள் பலவற்றில் பிராஃப் என்ற மரபணு பழுதாகியிருப்பதைக் கண்டார்கள். கிணற்று மோட்டரின் சுவிட்ச் போட்டபடியே இறுகிவிட்டால் எப்படி? கலம் பெருகிக்கொண்டே போகும். அந்தச் சுவிட்சை அமத்தும் குளிசைதான் வெமுராஃபெனிப்.

இதைச் சோதித்தபோது பாதிப்பேருக்குத்தான் குளிசை கொடுத்தார்கள். நல்ல மருந்து என்றால் எல்லாருக்கும் கொடுக்கலாமே, ஏன் மற்றப் பாதிப்பேருக்குப் பழைய ஊசி? நானும் படிக்கும் காலத்தில் இதைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவன். ஒப்பிட ஆளில்லாவிட்டால், குளிசை காப்பாற்றியதா, நோயே மெதுவாக நகர்ந்ததா என்று தெரியாது. அதனால் பிரிம்-3 என்ற அந்த மருந்துச் சோதனையில் அந்த மரபணுப் பழுதுள்ள 675 பேரைத் திருவுளச்சீட்டுப் போல இரண்டாகப் பிரித்தார்கள். ஆறு மாதத்தில் குளிசைப் பக்கம் 84 வீதமானோர் உயிரோடு, ஊசிப் பக்கம் 64 வீதம். கட்டி நன்றாகச் சுருங்கியது குளிசைப் பக்கம் 48 வீதத்தினருக்கு. ஊசிப் பக்கம் 5 வீதம்தான். சோதனை முடியும் முன்பே இடையில் கணக்குப் பார்த்ததில் இது தெரிந்ததும், ஊசிக்காரரையும் குளிசைக்கு மாற்றலாம் என்று கண்காணிப்புக் குழு சொல்லிவிட்டது. முடிவு 2011இல் வெளியானது.

காலையில் நாலு, இரவில் நாலு குளிசை. மூட்டு நோகும். வெயில் பட்டால் தோல் எரிந்து சிவக்கும். நம் ஊர்க் கடற்கரையில் அது சின்னக் கரைச்சலில்லை. சிலருக்கு வேறு வகைத் தோல் புற்றும் முளைத்தது. நோய் மீண்டும் தலைதூக்காமல் இருந்த காலமும் பாதிப்பேருக்கு ஏறக்குறைய ஐந்து மாதம்தான். ஊசிக்கு அது இரண்டு மாதம்கூட இல்லை.

மகனுக்கு இன்னொன்றும் சொன்னேன். உள்ளங்கால் மெலனோமாவில் அந்தப் பழுது குறைவாகவே இருக்கும். பழுது இல்லாதவருக்குக் கொடுத்தால் இதே குளிசை புற்றைத் தூண்டியும் விடலாம். அப்பாவுக்கு இப்போது குளிசையும் வேண்டாம், ஊசியும் வேண்டாம், நெறி கட்டவில்லை. என்றைக்காவது பரவினால், முதலில் வெட்டிய துண்டில் மரபணுப் பரிசோதனை, பிறகுதான் மருந்துப் பேச்சு.

அவர் தலையாட்டினார். தகப்பனோ கட்டுப்போட்ட காலைப் பார்த்தபடி, "உப்புத்தண்ணியில எப்ப வைக்கலாம்?" என்றார்.