பழைய ஷெவர்லே டிரக்கின் இண்டிகேட்டர் சுவிட்ச்: தூக்கிப் போடும் முன் திறந்து பாருங்கள்

[காட்சி: மேஜை மேல் உள்ளங்கை அளவில் ஒரு சுவிட்ச். வால் போல ஏழு ஒயர்கள்.]

வணக்கம். 1947-லிருந்து 1955 தொடக்கம் வரை அமெரிக்காவில் வந்த ஷெவர்லே 3100 பிக்கப் டிரக்குகளில் இண்டிகேட்டர் என்பது தனியாகக் காசு கொடுத்து வாங்கும் சாமான். வாங்காதவர் ஜன்னல் வழியே கையை நீட்டித்தான் திரும்ப வேண்டும். வாங்கியவருக்கு டீலர் இப்படி ஒரு சுவிட்சை ஸ்டீயரிங் தண்டில் கிளாம்ப் போட்டு மாட்டிக் கொடுத்தார்.

இன்று இந்த டிரக்கைப் புதுப்பிக்கிறவர்கள் முதலில் கழற்றி எறிவது இதைத்தான். அவசரப்படாதீர்கள். இது பெரும்பாலும் செத்திருக்காது, அழுக்கேறி அடைத்திருக்கும்.

[காட்சி: ஒயர் படம்]

ஏழு ஒயர் எதற்கு? விளக்கைச் சிமிட்ட வைக்கும் ஃபிளாஷர் டப்பியிலிருந்து ஒன்று, பிரேக் சுவிட்சிலிருந்து ஒன்று, நான்கு மூலை விளக்குகளுக்கு நான்கு, ஓட்டுநருக்குக் கண் சிமிட்டும் குட்டி பல்புக்கு ஒன்று. இதில் பிரேக் ஒயரைக் கவனியுங்கள். நம் ஊர் லாரியில் பிரேக்குக்குச் சிவப்பு, இண்டிகேட்டருக்கு ஆரஞ்சு என்று தனித்தனி. இந்த டிரக்கில் பின்னால் பக்கத்துக்கு ஒரே ஒரு சிவப்பு விளக்கு. அதன் ஒரே இழைதான் இரண்டு வேலையும் பார்க்கிறது. அதனால் பிரேக் கரன்ட்டும் இந்தச் சுவிட்சுக்குள் புகுந்துதான் பின்னால் போகிறது. இடப் பக்கம் பிரேக் லைட் எரியவில்லை என்று பெடல் பக்கம் அரை நாள் தேடுவார்கள். கோளாறு ஸ்டீயரிங்கில் இருக்கும்!

சரி, பிரிக்கலாம். பேட்டரியைக் கழற்றுங்கள். ஒவ்வொரு ஒயரிலும் சீட்டு ஒட்டி ஒரு போட்டோ எடுங்கள். அப்புறம், கண்ணாடி போன்ற ஒரு பாலிதீன் பைக்குள் வைத்துத் திறங்கள். உள்ளே ஸ்பிரிங் மேல் மிளகளவு இரும்புக் குண்டு ஒன்று இருக்கலாம். கையால் தள்ளும் நெம்பு 'டக்' என்று நிற்பது அதனால்தான். அது தெறித்து ஓடினால் ஒரு நாள் வேலை போச்சு.

[காட்சி: மிக அருகில், கான்டாக்ட் தட்டு]

இதோ, பழுப்பு நிறத்தில் பாகு முற்றியது போல இறுகிக் கிடப்பது பழைய கிரீஸ். அதற்கடியில் பித்தளையில் பச்சைக் களிம்பு. குத்துவிளக்கு என்று நினைத்துப் புளி போட்டுவிடாதீர்கள். இடுக்கில் தங்கும் புளிப்பு திரும்பவும் அரிக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பல் துலக்கும் பிரஷை நனைத்துத் தேய்த்தால் கிரீஸ் இளகும். களிம்புக்குப் பென்சில் அழிக்கும் ரப்பர் போதும். அரம் வேண்டவே வேண்டாம்.

ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் மாற்றுங்கள். கான்டாக்ட்டில் மின்சாதனக் கிரீஸை மெல்லிசாகத் தடவுங்கள். துணி உறை உதிரும் ஒயர்களை வெட்டிவிட்டு, அதே கனத்தில் புது ஒயர் சால்டர் செய்யுங்கள்.

இப்போது மல்டிமீட்டர். நெம்பு நடுவில்: பிரேக் ஒயர் இரண்டு பின் விளக்குகளுக்கும் தொடர்பு காட்ட வேண்டும். இடப்பக்கம் தள்ளினால்: ஃபிளாஷர் ஒயர் இட முன், இடப் பின் இரண்டுக்கும், பிரேக் ஒயர் வலப் பின்னுக்கு மட்டும்.

மீட்டர் 'பீப்' அடித்தது போதும் என்று மூடிவிடாதீர்கள். இந்த டிரக் 6 வோல்ட். ஒரே வாட் பல்புக்கு 12 வோல்ட்டைவிட இரண்டு மடங்கு ஆம்பியர் ஓடும். விளக்கு எரியும்போது சுவிட்சின் இரு முனைக்கும் நடுவே வோல்ட்டை அளந்து பாருங்கள். அரை வோல்ட் காணாமல் போனால் 12-இல் பெரிதாகத் தெரியாது. 6-இல் பல்பின் வெளிச்சத்தில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். மங்கலாக எரிவதற்குப் பாதிக் காரணம் இது, மீதிக் காரணம் துரு ஏறிய எர்த்.

ஃபிளாஷர் டப்பியும் 6 வோல்ட்டுக்கானதா என்று பாருங்கள். பழைய ரகத்தில் கரன்ட் சூடாக்கி வளைக்கும் தகடு ஒன்றுதான் வேலை செய்கிறது. எல்இடி பல்பு போட்டால் அந்தச் சூடே கிடைக்காது, சிமிட்டாமல் நின்றுவிடும்.

மாட்டும்போது கிளாம்ப்பை முறுக்கித் தள்ளாதீர்கள். உடல் துத்தநாக வார்ப்பாக இருந்தால் 'பட்' என்று விரிசல் விடும்.

[காட்சி: இருட்டில் டிரக்கின் பின்பக்கம்]

பிரேக்கை மிதித்தபடி நெம்பை இடப்பக்கம் தள்ளுகிறேன். வலது விளக்கு அசையாமல் எரிகிறது. இடது... டிக். டிக். டிக்.