அல்பேனியா யாரைக் கண்டு பயந்தது? ஒரு நேயரின் சந்தேகமும் விளக்கமும்

வணக்கம். அல்பேனியாவைப் பற்றிய சென்ற காணொளிக்குப் பிறகு நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். வரலாறு படிக்கும் ஒரு கல்லூரி மாணவர் எழுதியிருக்கிறார். அப்படியே வாசிக்கிறேன்:

"ஐயா, கம்யூனிஸ்ட் ஆட்சியில் அல்பேனியா ஒன்றே முக்கால் லட்சம் காங்கிரீட் பதுங்குகுழிகளைக் கட்டியது என்று சொன்னீர்கள். எனக்கு இது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றுகிறது. அவர்கள் யாரைக் கண்டு பயந்தார்கள்? அந்த ராணுவம் ஒரு நாளாவது போரிட்டதா?"

தம்பி, இரண்டாவது கேள்விக்குப் பதில் சின்னது, அதைக் கடைசியில் சொல்கிறேன். முதல் கேள்விக்கு வருவதற்கு முன்னால், பைத்தியக்காரத்தனம் என்ற அந்த ஒரு சொல்லோடு எனக்கு வழக்கு இருக்கிறது. கம்யூனிஸ்ட் அல்பேனியாவின் தலைவர் என்வர் ஹோஜா ஒரு பைத்தியக்காரர், அதனால் மலையெங்கும் குழி கட்டினார் என்று சொல்லிவிட்டால் கதை முடிந்துவிடும், நமக்கும் யோசிக்க வேலை இருக்காது. ஆனால் அந்தப் பயம் ஒவ்வொன்றுக்கும் உண்மையான ஒரு காரணம் இருந்தது. காரணம் போன பிறகும் பயம் ஏன் போகவில்லை என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அல்பேனியாவின் பரப்பு 28,748 சதுர கிலோமீட்டர். கடலுக்கு அந்தப் பக்கம் இத்தாலி, தெற்கே கிரீஸ், வடக்கிலும் கிழக்கிலும் யூகோஸ்லாவியா. முதல் உலகப் போரின்போது, 1915இல் லண்டனில் கையெழுத்தான ரகசிய ஒப்பந்தம் ஒன்று இந்த நாட்டைத் துண்டு போட்டுப் பக்கத்து நாடுகளுக்குக் கொடுக்க ஏற்பாடு செய்தது. அல்பேனியர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1939 ஏப்ரல் 7, புனித வெள்ளி அன்று முசோலினியின் படைகள் கரையிறங்கின. அரசர் ஸோகு குடும்பத்தோடு நாட்டை விட்டு ஓடினார். 1943இல் இத்தாலி சரணடைந்ததும் ஜெர்மானியர்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு தலைமுறைக்குள் இத்தனையும் பார்த்தவர்களிடம் போய், உங்களை யார் தாக்கப்போகிறார்கள் என்று கேட்டால், அவர்கள் என்ன பதில் சொல்வார்கள்?

ராணுவத்தின் கதையும் அங்கேதான் தொடங்குகிறது. மலைகளில் கொரில்லாக் குழுக்களாகப் போரிட்டவர்களை ஒன்று சேர்த்து, 1943 ஜூலையில் லாபினோட் என்ற கிராமத்தில் தலைமைத் தளபதியகம் அமைத்தார்கள். தளபதி ஸ்பிரோ மொய்சியு, அரசியல் ஆணையர் ஹோஜா. அடுத்த ஆண்டு நவம்பருக்குள் ஜெர்மானியர்களைத் துரத்திவிட்டார்கள். கிழக்கு ஐரோப்பாவின் பல நாடுகளுக்கு விடுதலை சோவியத் செம்படையோடு சேர்ந்து வந்தது. அல்பேனியாவுக்குள் செம்படை நுழையவே இல்லை. பிரிட்டன் ஆயுதம் கொடுத்தது, யூகோஸ்லாவியக் கம்யூனிஸ்டுகள் வழிகாட்டினார்கள், ஆனால் அந்த மண்ணில் போரிட்டவர்களில் பெரும்பாலோர் அதே மண்ணின் ஆண்களும் பெண்களும்தான். இதை நான் மதிப்போடு சொல்கிறேன். பின்னால் நடந்ததெல்லாம் இதை அழித்துவிடக் கூடாது.

அந்தப் படை எப்படி வென்றது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் நிற்காமல் வென்றது. அடித்துவிட்டு மலைக்குள் மறைவார்கள், எதிரி களைத்த நேரம் பார்த்து மறுபடியும் இறங்கி வருவார்கள். இந்த விஷயம் பின்னால் தேவைப்படும்.

போர் முடிந்த பிறகாவது நிம்மதி கிடைத்ததா? 1946 அக்டோபர் 22 அன்று அல்பேனியக் கரையை ஒட்டிய கோர்ஃபு நீரிணையில் இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் கண்ணிவெடியில் சிக்கி 44 பேர் இறந்தார்கள். வழக்கு ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. அந்த நீதிமன்றம் விசாரித்த முதல் வழக்கே அதுதான். அல்பேனியாவே பொறுப்பு என்று 1949இல் தீர்ப்பானது. அதே காலத்தில் கிரீஸ், நாட்டின் தென்பகுதி தனக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. 1940இல் தொடங்கிய போர்நிலையைக் கிரீஸ் சட்டப்படி விலக்கிக்கொண்டது 1987இல்தான். யூகோஸ்லாவியாவோ அல்பேனியாவைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளவே திட்டமிட்டிருந்தது. 1948இல் யூகோஸ்லாவியத் தலைவர் டிட்டோவுக்கும் சோவியத் தலைவர் ஸ்டாலினுக்கும் முறிவு வந்திராவிட்டால் அல்பேனியா என்ற நாடே வரைபடத்தில் இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

1949 முதல் பிரிட்டனும் அமெரிக்காவும் நாடுகடந்து வாழ்ந்த அல்பேனிய இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, படகிலும் பாராசூட்டிலும் உள்ளே அனுப்பின. ஆட்சியைக் கவிழ்ப்பதுதான் நோக்கம். போனவர்களில் பெரும்பாலோர் பிடிபட்டார்கள், அல்லது கொல்லப்பட்டார்கள். அந்தத் திட்டத்தைக் கவனித்த பிரிட்டிஷ் அதிகாரிகளில் ஒருவரான கிம் ஃபில்பியே சோவியத் உளவாளி. அந்த இளைஞர்களை நினைத்தால் மனம் கனக்கிறது. அவர்களுக்கு உதவிய குடும்பங்களும் அழிந்தன. ஹோஜாவுக்கு இதனால் கிடைத்தது ஒன்று உண்டு: வானத்திலிருந்து எதிரி இறங்குவான் என்று அவர் சொன்னது பொய்யில்லை என்று ஆகிவிட்டது. இருபது ஆண்டுகள் கழித்தும் திராட்சைத் தோட்டத்துக் கம்பங்களின் உச்சியில் இரும்பு முட்களைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். பாராசூட் வீரன் இறங்கினால் அதில் குத்திக்கொள்ள வேண்டும் என்பதற்காக.

அடுத்து நண்பர்களின் முறை. சோவியத் யூனியன் வலோனா வளைகுடாவில் பாஷாலிமான் என்ற இடத்தில் நீர்மூழ்கிக் கப்பல் தளம் அமைத்திருந்தது. மத்தியதரைக் கடலைத் தொடும் தளம் என்பதால் மாஸ்கோவுக்கு அது பொன் போன்றது. ஸ்டாலின் மறைந்து குருஷ்சேவ் வந்த பின் சோவியத், அல்பேனியக் கம்யூனிஸ்ட் கட்சிகள் மோதிக்கொண்டன. 1961இல் சோவியத் கடற்படை வெளியேறியது. அங்கிருந்த கப்பல்களில் நான்கு நீர்மூழ்கிகளை அல்பேனியர்கள் விடவில்லை, பிடித்து வைத்துக்கொண்டார்கள். ஒரு வல்லரசின் முகத்துக்கு நேராக இப்படி நிற்பதற்குத் துணிச்சல் வேண்டும், அதை மறுக்க மாட்டேன். ஆனால் உதிரி பாகம் தருகிறவனை விரட்டிவிட்டால் கப்பல் எத்தனை நாள் ஓடும்? 1968இல், சோவியத் தலைமையிலான ராணுவக் கூட்டணியான வார்சா ஒப்பந்தத்தின் நாடுகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்ததும், அல்பேனியா அந்தக் கூட்டணியிலிருந்து முறைப்படி விலகியது. அடுத்த பயம் அங்கே பிறந்தது: இப்போது மேற்கிலிருந்தும் வரலாம், கிழக்கிலிருந்தும் வரலாம். பிறகு சீனா கைகொடுத்தது. சோவியத்தின் மிக் போர் விமானங்களின் சீன வடிவங்கள், பீரங்கிகள், மலை மலையாகத் தோட்டாக்கள். 1978இல் சீனாவும் உதவியை நிறுத்திக்கொண்டது. அதற்குப் பிறகு யாருமில்லை.

சரி, இதுவரை சொன்னது வெளியே இருந்து வந்த பயம். இனி உள்ளே வருகிறேன்.

1966இல் ஹோஜா ராணுவத்தில் பதவிப் படிநிலைகளை ஒழித்தார். கேப்டன், மேஜர், ஜெனரல் எதுவும் கிடையாது, தோளில் பட்டையும் கிடையாது. சமத்துவம் என்று விளக்கம் சொல்லப்பட்டது. ஒவ்வொரு படைப்பிரிவிலும் தளபதிக்குப் பக்கத்தில் கட்சியின் அரசியல் ஆணையர் திரும்பவும் வந்து உட்கார்ந்தார். யாருடைய கட்டளை செல்லும் என்பதே குழப்பமானது. ஒழிக்கப்பட்ட பதவிகள் திரும்பி வர 1991 ஆக வேண்டியிருந்தது. போர்க்களத்தில் ஒருவன் சொல்லை நூறு பேர் யோசிக்காமல் கேட்க வேண்டும். அந்தப் பிடிப்பு தளபதிகளின் கையில் இருக்கக் கூடாது என்பதுதான் இதன் உண்மையான நோக்கம் என்று நான் கருதுகிறேன்.

இங்கே பெகிர் பல்லுகுவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கொரில்லாப் போரில் தளபதியாக இருந்தவர், 1953 முதல் பாதுகாப்பு அமைச்சர். எழுபதுகளின் தொடக்கத்தில் அவரும் அவருடைய தளபதிகளும் நாட்டின் பாதுகாப்புக் கோட்பாட்டை எழுதினார்கள். பெரும்படை வந்தால் எல்லையிலேயே நின்று சாக வேண்டாம், பின்வாங்கி மலைக்குள் போய் அங்கிருந்து நீண்ட போர் நடத்தலாம் என்ற எண்ணம் அதில் இருந்தது. முன்பு ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? 1944இல் அவர்களை வெல்ல வைத்த அதே வழி. ஹோஜாவுக்கு அது துரோகமாகத் தெரிந்தது. ஒரு சாண் நிலத்தைக்கூட விடக் கூடாது என்பது அவர் கொள்கை. பின்வாங்கலாம் என்று சொல்கிறவன் எதிரிக்குக் கதவைத் திறக்கிறவன். 1974இல் பல்லுகு கைது செய்யப்பட்டார். 1975 நவம்பரில் அவரையும், தலைமைத் தளபதியாக இருந்த பெத்ரித் துமேயையும், ராணுவத்தின் அரசியல் பிரிவுத் தலைவர் ஹித்தோ சாக்கோவையும் சுட்டுக் கொன்றார்கள். போர் தெரிந்த தலைகள் ஒரே வீச்சில் போயின. 1981இல் பிரதமர் மெஹ்மெத் ஷேஹு துப்பாக்கிக் குண்டுபட்டு இறந்தார். தற்கொலை என்று அரசு அறிவித்தது. இறந்த பின் அவரை அந்நிய நாடுகளின் உளவாளி என்றார்கள். பாதுகாப்பு அமைச்சராக இருந்த காத்ரி ஹாஸ்பியுவை 1983இல் சுட்டார்கள். எந்த அந்நியப் படையும் வராமலேயே இரண்டு பாதுகாப்பு அமைச்சர்களை அந்த நாடே கொன்றது.

நீங்கள் கேட்ட பதுங்குகுழிகள் பெருவாரியாகக் கட்டப்பட்டது இதற்குப் பிறகுதான். தேதியைக் கவனியுங்கள்: 1975 முதல் 1983 வரை. மலைக்குப் போகலாம் என்று சொன்னவர்கள் இறந்தாயிற்று. இனி ஒவ்வொரு சாணும் காக்கப்பட வேண்டும், ஆகவே ஒவ்வொரு சாணுக்கும் ஒரு குழி. திட்டமிட்டது இரண்டு லட்சத்துக்கும் மேல், கட்டி முடித்தது 1,73,371 என்று கணக்கு சொல்கிறது. சிலர் ஏழரை லட்சம் என்பார்கள், அதை நான் ஏற்கவில்லை. சிறிய கணக்கை எடுத்துக்கொண்டாலும் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஆறு வருகிறது. பெரும்பாலானவை ஒன்றிரண்டு பேர் நிற்கும் அளவுக்குக் காளான் குடை போன்ற சிறிய கூடுகள். தலைமையிடங்களுக்கான பெரிய குழிகளும் உண்டு. தொழிற்சாலையில் துண்டு துண்டாக வார்த்து, கொண்டுவந்து பொருத்துவார்கள். கடற்கரை, வயல், இடுகாடு, அடுக்குமாடி வீடுகளின் முற்றம் என்று எந்த இடமும் தப்பவில்லை. அந்தக் குவிமாடத்தை வடிவமைத்த பொறியாளரையே நாசவேலைக் குற்றம் சாட்டிச் சிறையில் தள்ளினார்கள்.

ராணுவ ரீதியாக இதில் என்ன பயன் என்று கேட்டால், மிகக் குறைவு என்பதே என் முடிவு. கூட்டுக்குள் தனியாக நிற்கும் இருவருக்குத் தோட்டா, தண்ணீர், செய்தி எப்படிப் போகும்? பக்கத்துக் கூடு விழுந்ததை அவர்கள் எப்படி அறிவார்கள்? எண்பதுகளில் நிரந்தரப் படை ஏறத்தாழ 40,000 பேர்தான். அதனால்தான் மாணவர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் பெண்களுக்கும் கட்டாயப் பயிற்சி. ஒரு கையில் கடப்பாரை, மறு கையில் துப்பாக்கி என்பது அந்தக் காலத்தின் முழக்கம். வீட்டுக்கு இல்லாத சிமெண்டும் கம்பியும் குழிக்குப் போயின. குடும்பங்கள் ஓரறை, இரண்டறை வீடுகளில் நெருக்கியடித்து வாழ்ந்தன, உணவுக்கு ரேஷன் வரிசை. எல்லையில் நின்ற காவலர்களின் அன்றாட வேலை உள்ளே வருகிறவனைத் தடுப்பதல்ல, வெளியே ஓடுகிறவனைத் தடுப்பது. நாட்டை விட்டுத் தப்புவது தேசத்துரோகக் குற்றம். ஓடியவனின் குடும்பத்தை ஒதுக்குப்புறக் கிராமத்தில் கட்டாயமாகக் குடியேற்றிவிடுவார்கள்.

ஹோஜா 1985இல் இறந்தார். சில ஆண்டுகளில் ஆட்சியும் சரிந்தது. சேர்த்து வைத்த ஆயுதம் மட்டும் அப்படியே கிடந்தது. 1997இல் மோசடி நிதி நிறுவனங்கள் கவிழ்ந்து மக்களின் சேமிப்பு பறிபோனபோது, கொதித்த கூட்டம் ஆயுதக் கிடங்குகளை உடைத்தது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆயுதங்கள் வெளியே போயின, ஏறத்தாழ 2,000 பேர் இறந்தார்கள். எந்த அந்நியனுக்காகவோ வாங்கிய துப்பாக்கி அல்பேனியனையே சுட்டது. 2008 மார்ச் 15 அன்று தலைநகர் திரானாவுக்கு அருகே கெர்தெச் கிராமத்தில், பழைய வெடிபொருட்களைப் பிரித்தெடுக்கும் இடம் வெடித்து 26 பேர் மாண்டார்கள். மலைக் கிடங்கு ஒன்றில் 16 டன் ரசாயன ஆயுதமும் கிடைத்தது. அதை முறையாக அறிவித்து, 2007இல் முழுவதையும் அழித்தார்கள். ரசாயன ஆயுத ஒப்பந்தத்தின்கீழ் தன் இருப்பை முற்றாக அழித்த முதல் நாடு அல்பேனியாதான். இதற்கு அந்த நாட்டைப் பாராட்ட வேண்டும்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. போரிட்டதா? 1949 ஆகஸ்டில், கிரேக்க உள்நாட்டுப் போரின் கடைசிக் கட்டத்தில், எல்லையில் கிரேக்கப் படையோடு மோதல் நடந்தது. அதன் பிறகு எந்த நாட்டோடும் போரில்லை. அந்த ஒன்றே முக்கால் லட்சம் குழிகளும் அவை கட்டப்பட்ட போருக்காக ஒருமுறைகூடப் பயன்படவில்லை. சிலவற்றில் ஆடு கட்டுகிறார்கள், சிலவற்றை உடைத்துக் கம்பியை உருவி விற்கிறார்கள். தலைமைக்காகக் கட்டிய நிலவறைக் கோட்டை ஒன்று 2014 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது.

இன்னொரு நேயர், அல்பேனியா இன்று எந்தப் பக்கம் என்று ஒரே வரியில் கேட்டிருந்தார். 2009 ஏப்ரலில் மேற்கு நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோவில் சேர்ந்துவிட்டது. நடுப்பகுதியில் குச்சோவா என்று ஒரு நகரம் இருக்கிறது. கம்யூனிஸ்ட் காலத்தில் அதன் பெயர் ஸ்டாலின் நகரம். அங்குள்ள பழைய விமானத் தளத்தைப் புதுப்பித்து, 2024 மார்ச்சில் நேட்டோ தளமாகத் திறந்தார்கள். பறக்க முடியாத சோவியத், சீன விமானங்கள் ஓடுபாதை ஓரத்தில் வரிசையாக நின்றுகொண்டிருந்த அதே இடம்.