கடல் கடக்காத தேங்காய்

அவையோருக்கு வணக்கம். இந்தியப் பெருங்கடலின் சீசெல்ஸ் தீவுகளில் வளரும் இரட்டைத் தேங்காயைப் பற்றிப் பேசப்போகிறேன்; முதலில் அந்தத் தீவுகளின் கதை. நடுக்கடல் தீவு என்றால் பெரும்பாலும் எரிமலை கக்கியதாக இருக்கும், இல்லையேல் பவளப்பூச்சி கட்டியதாக இருக்கும். சீசெல்சின் மாகே, பிராஸ்லின், லா டிக் தீவுகள் இரண்டிலும் சேராதவை. ஏறத்தாழ 75 கோடி ஆண்டு வயதான கருங்கல் அவை. இந்தியாவும் ஆப்பிரிக்காவும் ஒட்டியிருந்த கோண்டுவானாப் பெருநிலம் உடைந்து இந்தியா வடக்கே நகர்ந்தபோது பின்தங்கிப்போன துண்டுகள்.

இதற்குத் தவளையே சாட்சி. தவளையின் ஈரத்தோல் உப்புநீரைத் தாங்காது. ஆனால் மாகே காட்டில் விரல்நகம் அளவே உள்ள தவளைகள் இருக்கின்றன. அவற்றின் நெருங்கிய சொந்தம், மேற்குத் தொடர்ச்சி மலையில் மண்ணுக்குள் வாழ்ந்து, 2003-ல்தான் அறிவியல் உலகுக்குத் தெரியவந்த ஊதாத் தவளை. தவளை கடல் தாண்டவில்லை. அதைச் சுமந்த நிலம்தான் இரண்டாகப் பிரிந்தது.

இரட்டைத் தேங்காயின் கதையும் இதுதான். பேர்தான் தேங்காய், உறவு நம் பனையோடு. ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. காய் முற்ற 6, 7 ஆண்டு ஆகும். உள்ளே இருக்கும் விதை உலகிலேயே பெரியது, 18 கிலோ வரைகூடத் தேறும். புதுக்காய் கடலில் விழுந்தால் மூழ்கிவிடும். பருப்பு அழுகி உள்ளே காலியானால்தான் மிதக்கும், மிதப்பது முளைக்காது. மாலத்தீவுக் கரையில் காய்கள் நூற்றாண்டுக் கணக்காக ஒதுங்கியும் அங்கே ஒரு மரம்கூட எழாததற்குக் காரணம் இதுவே. தாய்மரம் எங்கே என்று தெரியாததால் அரசர்கள் அதைக் கொண்டாடினார்கள். 1768-ல் பிரெஞ்சுக்காரர்கள் பிராஸ்லினில் மரத்தைக் கண்டார்கள். பிறகு கப்பலில் ஏற்றி இந்தியச் சந்தையில் கொட்டினார்கள், விலை படுத்துவிட்டது. சீசெல்சில் மனிதர் நிலையாகக் குடியேறியதே 1770-ல்தான். அந்த முதல் கூட்டத்தில் இந்தியர் ஐவர்.

முளைக்கும் விதத்தைக் கவனியுங்கள். பனங்கொட்டையைப் புதைத்தால் முளை கீழே இறங்கிக் கிழங்கு கட்டுகிறதல்லவா? அதே முறைதான். ஆனால் இங்கே முளைக்கயிறு மண்ணுக்குள் பக்கவாட்டில் பல மீட்டர்கூட ஓடும். கரு அதன் நுனியில் இருக்கிறது. கனத்த காய் தாயின் காலடியிலேயே விழுவதால், நிழலிலிருந்து கொஞ்சமாவது விலகக் கன்றுக்கு இருக்கும் ஒரே வழி இது. முளைவிட்ட காயை எடுத்து வேறிடத்தில் வைத்தால் கயிறு அறும், கன்று சாகும். இலை விட்ட பிறகும் வருடக்கணக்கில் காய்தான் ஊட்டுகிறது.

தாயும் சும்மா இருப்பதில்லை. மடிப்பு மடிப்பான அகன்ற ஓலைகள் மழைநீரோடு மகரந்தத்தையும் பறவை எச்சத்தையும் வாரி அடிமரத்துக்கு இறக்கிவிடுகின்றன. சத்தற்ற கருங்கல் மண்ணில் அதுதான் எரு.

இந்த மரங்கள் நிறைந்த, பிராஸ்லினின் வல்லே தெ மே காடு வெறும் 19.5 ஹெக்டேர்; 1983 முதல் உலகப் பாரம்பரியச் சொத்து. அங்கே இன்றைய தலைவலி, பருப்புக்காக நடக்கும் காய்த் திருட்டு. காயெல்லாம் போய்விட்டால் கன்றுக்கு எங்கே போவது? பயணிகளுக்கு விற்பது பருப்பு நீக்கிய வெற்று ஓடு. அதையும் அரசின் அனுமதிச் சீட்டு இல்லாமல் விமானம் ஏற்ற முடியாது. சந்தையில் சீட்டில்லாமல் மலிவாக யாராவது நீட்டினால், வாங்காதீர்கள்.