கதவுக்குப் பின்னால் தொங்கும் கவர்: வகுப்பில் ஒரு பெல்ட் பின்னுவோம்

[காட்சி: சமையலறைக் கதவின் பின்புறம், ஆணியில் தொங்கும் உப்பிய பிளாஸ்டிக் கவர்]

பெரும்பாலான வீடுகளில் இப்படி ஒன்று தொங்கும். கவருக்குள் கவர், அதற்குள் இன்னும் பத்து. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கவருக்குத் தடை. ஆனாலும் ஆணி காலியானபாடில்லை. அந்த மூட்டையை அவிழ்த்து, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு இடுப்பில் கட்டும் பெல்ட் ஒன்றைப் பின்னப் போகிறோம்.

முதல் வருடம் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். "நாளைக்கு ஆளுக்கு மூன்று கவர் கொண்டு வாங்க" என்றேன். மறுநாள் நாலு பேர் கடையில் புதுசாகவே வாங்கி வந்து நின்றார்கள், மடிப்புக்கூடக் கலையாமல்! அப்புறம் விதி மாறியது: ஏற்கெனவே எதையாவது சுமந்து கசங்கிய கவர் மட்டும். மீன் கவர் என்றால் சோப்புப் போட்டு அலசி, நிழலில் காயவைத்துக் கொண்டுவர வேண்டும். இதைச் சொல்ல மறந்தால் வகுப்பே சந்தை நாற்றம் நாறும்.

[காட்சி: மேஜையில் பலவகைக் கவர்கள்]

காய்கறிக் கடையின் சரசரக்கும் கவரும் ஆகும், ஜவுளிக்கடையின் மெத்தென்ற கவரும் ஆகும். இரண்டும் பெரும்பாலும் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக். துணி மாதிரியே தோன்றும் பை வேண்டாம். அது பாலிபுரொப்பிலீன், நாடாவாக வெட்டி இழுத்தால் பிய்ந்துவிடும். 'மக்கும்' என்று அச்சிட்டதும் வேண்டாம். பின்னி முடித்த பெல்ட் மக்கினால் யாருக்கு லாபம்?

[காட்சி: கத்தரிக்கோல், கை நெருக்கத்தில்]

இனி வெட்டுவது. வேலையில் முக்கால்வாசி இதுதான். கவரைத் தரையில் விரித்து, உள்ளங்கையால் நீவிக் காற்றை வெளியேற்றுங்கள். கைப்பிடியையும் அடியில் ஒட்டியிருக்கும் விளிம்பையும் வெட்டி எடுத்தால், இருபுறமும் திறந்த குழாய் கிடைக்கும். அதை நீளவாக்கில் இரண்டு முறை மடித்து, குறுக்காக 3 செ.மீ. அகலத்தில் வெட்டிக்கொண்டே போங்கள். விழும் ஒவ்வொரு துண்டையும் பிரித்தால் ஒரு வளையம். அகலம் கூடக் குறைய இருந்தால் பின்னல் ஓரிடத்தில் தடிக்கும், இன்னோர் இடத்தில் அறும்.

ரப்பர் பேண்டைக் கோத்துச் சங்கிலி செய்திருப்பீர்களே, அதே முடிச்சுத்தான். ஒரு வளையத்தை இன்னொன்றுக்குள் விட்டு, விட்ட வளையத்தின் ஒரு நுனியை அதன் மறுநுனிக் காதுக்குள்ளேயே திருப்பி நுழைத்து, மெதுவாக இழுக்க வேண்டும். பையன்கள் வெடுக்கென்று இழுப்பார்கள். முடிச்சு விழும் முன்பே நாடா அறுந்துவிடும்.

கணக்கு டீச்சர் பக்கத்து வகுப்பில்தானே இருக்கிறார், கூப்பிடுங்கள். கவரின் அகலம் 30 செ.மீ., வெட்டத் தோதான உயரம் 36 செ.மீ. என்றால் 12 வளையம். இழுத்துப் பிடித்தால் ஒன்று 30 செ.மீ.; முடிச்சுக்குப் போனது போக ஒரு கவரில் மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் கூடவே நூல் தேறும்.

பெல்ட்டுக்கு மூன்று நிறம், ஒவ்வொன்றிலும் ஒன்றேகால் மீட்டர். நுனிகளைச் சேர்த்து முடிந்து ஜன்னல் கம்பியில் கட்டி, சடை பின்னுங்கள். இந்த இடத்தில் பெண் பிள்ளைகள்தான் வாத்தியார். "இப்படி இல்லடா, நடுவுல போடு" என்று அதட்டிச் சொல்லிக்கொடுப்பார்கள். நாம் ஒதுங்கி நிற்பதே நல்லது. சடையை வட்டமாகச் சுருட்டித் தைத்தால் டம்ளர் வைக்கும் மனை. குரோஷே ஊசி பிடிக்கத் தெரிந்தால் பையே பின்னலாம். மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில், இன்ஜாவ் கிராமத்தில் இசாட்டு சீசே என்ற பெண் 1997இல் இதைத்தான் தொடங்கினார். குப்பையில் கிடந்த கவர்களைத் தின்று அங்கே ஆடுகள் செத்துக்கொண்டிருந்தன. அவரும் உடன் சேர்ந்த பெண்களும் அதே கவர்களைக் கழுவி, நாடாவாக வெட்டிப் பர்ஸ் பின்னி விற்றார்கள்.

இஸ்திரிப் பெட்டியால் கவர்களை ஒட்டும் வீடியோக்களும் உண்டு. சூடு கொஞ்சம் மிஞ்சினால் புகை கிளம்பும், அதனால் பிள்ளைகளோடு நான் செய்வதில்லை. செய்த பொருளை வெயிலிலும் போட்டு வைக்காதீர்கள்; நாளாக நாளாக நொறுங்கிப் பொடியாகும்.

[காட்சி: பெஞ்சுக்கடியில் வெட்டிய துண்டுகள்]

வெட்டிப் போட்ட கைப்பிடியும் விளிம்பும் மிச்சம் இருக்கிறது, பாருங்கள். பழைய தலையணை உறையில் அடைத்து வாயைத் தைத்துவிடுங்கள். எங்கள் வகுப்பில் தரையில் உட்கார அது ஒன்றுதான் இருக்கிறது. தினமும் அதற்குத்தான் சண்டை.