சுன்னாகத்துக் கேசரி

சபையோருக்கு வணக்கம்.

யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் என்றதும் நம்மவருக்கு முதலில் நினைவுக்கு வருவது சந்தைதான். அந்தச் சந்தையூரிலிருந்து 1930 முதல் 1958 வரை ஒரு வாரப் பத்திரிகை வந்தது. அதுதான் ‘ஈழகேசரி’. குரும்பசிட்டியில் பிறந்து, பர்மாவரை போய் வந்த நா. பொன்னையா அதைத் தொடங்கினார். கொழும்புக்குப் போயிருந்தால் விளம்பரமும் வாசகரும் எளிதில் கிடைத்திருப்பார்கள் என்றே எண்ணுகிறேன். அவர் சுன்னாகத்தில் இருந்தே நடத்தினார்.

அந்தக் காலத்து அச்சுக்கோப்பை நினைத்துப் பாருங்கள். ‘கி’க்கு ஓர் அறை, ‘கீ’க்கு ஓர் அறை, ‘கு’வுக்கு இன்னோர் அறை. ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தலைகீழாக வாசித்துக்கொண்டே வரி கோக்க வேண்டும். கிழமை தவறாமல் பத்திரிகை போட்ட பொன்னையாவின் ‘திருமகள் அழுத்தகம்’ என்ற அச்சகமே தமிழறிஞர் சி. கணேசையரின் உரைவிளக்கக் குறிப்புகளோடு தொல்காப்பியத்தையும் பதிப்பித்தது! எழுத்ததிகாரம் 1937இல், சொல்லதிகாரம் 1938இல். பொருளதிகாரத்தின் பின்னான்கியல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1943இல், முன்னைந்தியல் 1948இல். ஒரு நூலுக்குப் பதினொரு ஆண்டுகள்! இலாபக் கணக்குப் பார்க்கிறவர் செய்கிற வேலையா இது?

ஈழகேசரியின் ஆசிரியராக இருந்த சோ. சிவபாதசுந்தரம் பின்னாளில் லண்டன் போய், பி.பி.சி. தமிழ் ஒலிபரப்புக்குத் ‘தமிழோசை’ என்று பெயர் வைத்தார். அ.செ. முருகானந்தன் போன்ற இளைஞர்கள் இந்தப் பத்திரிகையில் எழுதித்தான் கை பழகினார்கள். கனக செந்திநாதன் ஈழத்து எழுத்தாளர்களைப் பற்றித் தொடர் எழுதியதும் இதில்தான். அந்தத் தொடர் இல்லாவிட்டால் பலருடைய பெயரே நமக்கு எட்டியிராது.

பொன்னையா 1951இல் காலமானார். அதன்பின் ஏழாண்டுகள் பத்திரிகை தாக்குப்பிடித்தது.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. அதற்குப் பிறகு வந்த இடப்பெயர்வுகளில் வீடுகளில் இருந்தவையும் போயின. ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அம்மம்மாவின் றங்குப்பெட்டி அடியில் விரித்திருக்கும் பழுப்புத் தாளை ஒருமுறை பாருங்கள். ஈழகேசரியாக இருந்தால் மடிப்பை நிமிர்த்த வேண்டாம், ஒட்டுத்தாள் ஒட்டவும் வேண்டாம். இரண்டு மட்டைகளுக்கு நடுவில் வைத்து அப்படியே கொண்டு வாருங்கள். படியெடுத்துக்கொண்டு உங்கள் கையிலேயே திருப்பித் தந்துவிடுகிறோம்.