இடுப்பில் செருகிய சாவி

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம். என் விசுவாசத்தை வளர்த்த புத்தகங்களைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். வேதாகமத்தை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. எங்கள் வீட்டில் அது சோறு மாதிரி. அதோடு சேர்ந்து வந்த மற்றவற்றைச் சொல்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது தாராவியில். அம்மா கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கமிருந்து ரயிலேறியபோது ஒரு தகரப் பெட்டி கொண்டு வந்தார். அதில் மூன்று புத்தகங்கள் இருந்தன. வேதாகமம், கீர்த்தனைப் புத்தகம், அப்புறம் மோட்சப் பிரயாணம் என்ற அட்டை கிழிந்த கதைப் புத்தகம்.

அப்பாவுக்குப் பரேலில் ஒரு பஞ்சாலையில் வேலை. 1982 ஜனவரி 18 அன்று பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர். வருஷம் ஒன்று முடிந்தும் அது ஓயவில்லை. அப்பாவுக்கு அந்த வேலை திரும்பக் கிடைக்கவே இல்லை. அம்மா விடியற்காலை இட்லி அவித்துத் தூக்கில் எடுத்துப்போய் விற்கத் தொடங்கினார். அப்பா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். குடும்ப ஜெபத்தில் அவர் வாய் அசைவதையே நான் பார்த்ததில்லை. எனக்கு அப்போது 12 வயது.

அப்படி ஒரு ராத்திரி, அம்மா மோட்சப் பிரயாணத்தை என் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார். கதையின் நாயகன் கிறிஸ்தியானும் அவன் கூட்டாளியும் கல்லும் முள்ளுமான பாதையை விட்டு, பக்கத்தில் நடக்கச் சுகமாயிருந்த புல்வெளியில் இறங்கி வழி தவறிவிடுகிறார்கள். ஒரு ராட்சதன் அவர்களைப் பிடித்துச் சந்தேகக் கோட்டையில் இருட்டறைக்குள் போட்டுப் பூட்டுகிறான். அடிக்கிறான். சோறு தண்ணீர் இல்லை. இனி உங்களுக்கு விடிவே இல்லை, செத்துப் போங்கள் என்கிறான். புதன்கிழமை உள்ளே போனவர்கள், சனிக்கிழமை நடு ராத்திரியில் ஜெபிக்க ஆரம்பிக்கிறார்கள். விடியப் போகும் நேரத்தில் கிறிஸ்தியானுக்குத் திடுக்கென்று நினைவு வருகிறது, தன் மடியிலேயே ஒரு சாவி இருப்பது. வாக்குத்தத்தம், அதாவது கடவுள் கொடுத்த வாக்கு, என்பது அந்தச் சாவியின் பெயர். கோட்டையில் அது திறக்காத பூட்டே இல்லை.

அம்மா என்னை நிறுத்தினார். "ஏட்டி, இரு. சாவியை இடுப்பில செருகிக்கிட்டே நான் வீடெல்லாம் தேடுவேன்லா? அது மாதிரிதான்." சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தார். அப்பா எதுவும் பேசவில்லை. ஆனால் சுவரைப் பார்த்திருந்த மனிதர் எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

இதை எழுதிய ஜான் பனியன் இங்கிலாந்தில் பாத்திரத்துக்கு ஈயம் பற்றவைக்கும் தொழிலாளி. அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்யாதே என்றதற்குக் கீழ்ப்படியாததால் பெட்ஃபோர்டு சிறையில் 12 ஆண்டுகள் கிடந்தவர். புத்தகத்தின் முதல் பாகம் 1678இல் வெளிவந்தது. பூட்டிய கதவை உள்ளிருந்து பார்த்தவர் எழுதியது என்று பிறகு தெரிந்தபோது, அந்த ராத்திரி அது ஏன் எங்கள் பத்துக்குப் பத்து அறைக்குள் வந்து உட்கார்ந்தது என்பது எனக்கு விளங்கியது.

அந்தக் கதையைத்தான் எங்கள் நெல்லைச் சீமைக்காரர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை இரட்சணிய யாத்திரிகம் என்று தமிழ்க் காப்பியமாக்கினார். 1894இல் வந்தது, 3766 பாடல்கள். வைணவக் குடும்பத்தில் பிறந்து முப்பது வயதையொட்டிக் கிறிஸ்தவரானவர் அவர். அதை எனக்குப் பாடம் சொன்னவர் மாட்டுங்காவில் இருந்த என் பழைய தமிழ் வாத்தியார். நெற்றியில் நாமம் தரித்தவர்.

அப்போது எனக்குள் ஒரு கோபம் இருந்தது. அப்பாவை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியவர்களை மன்னிக்கவே கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். சிலுவைப்பாட்டுப் பகுதிக்கு வந்தோம். திருமேனி சதைந்து தவிக்கிறபோதும் "இவர்கள் செய்வது இன்னதென்று அறியாதவர்கள், மன்னியும்" என்கிறார் இயேசு. அந்த இடத்தில் கவிஞர் 'எழிற் கனிவாய் மலர்ந்தார்' என்கிறார். வாத்தியார் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். "பெருமாளும் ஆழ்வாரும் பேசினால் 'திருவாய் மலர்ந்தருளினார்' என்போம். அந்த மரபிலிருந்து வந்தவரம்மா இவர். ரத்தம் வழிகிற உதட்டுக்கு மலர்ந்தது என்று எழுதுகிறார், பாரேன்" என்றார். அவர் குரல் தழுதழுத்தது.

என் கோபம் அன்றைக்கே போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் அதற்குப் பிறகு அந்த ஆட்களை மனசுக்குள் சபிக்கத் தொடங்கும்போதெல்லாம் அந்த ஒரு சொல் குறுக்கே வந்து நின்றது. நூறு பிரசங்கம் கேட்டும் எனக்கு இப்படி நடந்ததில்லை. இத்தனைக்கும், இந்தக் காப்பியத்தை முழுதாகப் படித்தவர்கள் நம் சபைகளிலேயே எத்தனை பேர்? எனக்கு அது தீராத வருத்தம்.

கிறிஸ்துவைப் பின்பற்றி வாழ்வதைச் சொல்லும் பழைய பக்தி நூலான கிறிஸ்துநாதர் அநுசாரத்தையும் பலமுறை எடுத்தேன். உயர்ந்த நூல்தான். ஆனால் மடத்தின் அமைதியில் எழுதப்பட்டது. கூட்டத்திலேயே வாழ்கிற எனக்கு அது ஒட்டவில்லை. ஒட்டியது ஒரு மராத்திப் புத்தகம், லக்ஷ்மிபாய் திலக் தன் வாழ்க்கையைச் சொல்லும் ஸ்மிருதி சித்ரே. ஆசிரியை வேலைக்குச் சயானிலிருந்து தாணே போகும் லோக்கலில், மகளிர் பெட்டியில் நின்றுகொண்டே படித்தேன். அவருடைய கணவர், கவிஞர் நாராயண் வாமன் திலக், 1895இல் ஞானஸ்நானம் பெற்றார். அவர் கைக்குப் புதிய ஏற்பாடு வந்ததும் ஒரு ரயில் பெட்டியில்தான். முன்பின் தெரியாத ஒருவர் கொடுத்தது. கணவர் ஞானஸ்நானம் பெற்ற செய்தி கேட்டு லக்ஷ்மிபாய் உடைந்து போகிறார். அழுகிறார், கணவரை விட்டுப் பிரிந்திருக்கிறார். 1900இல்தான் அவரும் ஞானஸ்நானம் பெறுகிறார். அந்த ஐந்து வருஷத்தை அவர் வெட்கப்பட்டு மறைக்கவில்லை. ஆண்டவரும் அவரை அவசரப்படுத்தவில்லை என்று எனக்குத் தோன்றியது. அப்பா இறந்து, ஒரு வருஷம் எனக்கு ஜெபம் வராமல் தொண்டை அடைத்துக் கிடந்த காலம் அது. ரயில் குர்லாவில் நிற்கும்போது அந்தப் பக்கங்களைப் படித்து அழுதிருக்கிறேன். பக்கத்தில் நின்ற மராத்தி அம்மா ஒருவர் அட்டையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தன் இடத்தில் என்னை உட்கார வைத்தார்.

இப்போது அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. ராத்திரியில் நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். அதே அட்டை கிழிந்த புத்தகம், நூல் போட்டுத் தைத்து வைத்திருக்கிறோம். போன வாரம் கோட்டைப் பகுதி வந்தது. எனக்குத் தூக்கம், இரண்டு வரியைத் தாண்டிவிட்டேன். அம்மா கண்ணை மூடியபடியே கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஏட்டி, சனிக்கிழமை ராத்திரி இன்னும் வரலையே. அதை விட்டுட்டு எங்க போற?"